களிமண் இருக்கிறதா? சரித்திரம் சொல்லிக் கொடுக்கலாம்!

ஒரு வியாபாரி மட்டமான செம்பை விற்று விட்டான்.

வாங்கியவருக்குக் கோபம் வந்தது. பணத்தைத் திரும்பக் கேட்டு ஆள் அனுப்பினார். போன ஆளை வியாபாரி மதிக்கவே இல்லை. வெறுங்கையோடு திருப்பி அனுப்பி விட்டான்.

வாங்கியவர் சும்மா இருப்பாரா? கடிதம் எழுதினார். காரசாரமான கடிதம்! இனிமேல் உன்னிடம் மட்டச் சரக்கு வாங்க மாட்டேன், என் வீட்டு முற்றத்தில் வைத்து நானே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பேன் என்று அதில் எழுதினார்.

இது எப்போது நடந்தது தெரியுமா?

சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன்பு!

வியாபாரியின் பெயர் ஏயா நாசிர். கடிதம் எழுதியவர் பெயர் நன்னி. நடந்த இடம் இன்றைய ஈராக் நாட்டில் இருந்த ஒரு பட்டணம். கடிதம் எழுதப்பட்டது காகிதத்தில் அல்ல, களிமண்ணில். உள்ளங்கை அளவுதான் இருக்கும். இன்று அது லண்டன் பட்டணத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

இந்தக் கதையை என் மகளுக்குச் சொன்னேன். அப்போது அவளுக்கு வயது 11.

"அப்பா! அந்த ஆளுக்குப் பணம் கிடைத்ததா?" என்று கேட்டாள்.

கிடைத்ததா இல்லையா என்று கடிதத்தில் இல்லை. ஆனால் அவள் அப்படிக் கேட்டது எனக்குப் பெரிய காரியமாகப் பட்டது. அதுவரை சரித்திரப் பாடத்தில் அவள் ஒரு கேள்வி கூடக் கேட்டது இல்லை. கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறாள். கேட்டது இல்லை!

பரிசு வாங்கிய பிரமிடு

நான் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லி விடுகிறேன்.

மகள் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, பள்ளிக்கூடத்தில் "பிரமிடு செய்து கொண்டு வா" என்றார்கள். மறுநாள் காலையில் வேண்டும். அவள் என்னிடம் சொன்னது முதல் நாள் இரவு எட்டு மணிக்கு!

என்ன செய்தேன்? சைக்கிளை எடுத்துக் கொண்டு ஓடினேன். ஸ்டேஷனரி கடையில் தெர்மாகோல் பிரமிடு தயாராகத் தொங்கியது. பக்கத்தில் இரண்டு ஒட்டகம், ஒரு பேரீச்ச மரம். விலை 250 ரூபாய். வாங்கி வந்து பெயர் எழுதி ஒட்டினேன்.

அதற்கு முதல் பரிசு கொடுத்தார்கள்!

பரிசு யாருக்கு? கடைக்காரருக்கா? எனக்கா? என் மகளுக்கு அந்தப் பிரமிடுக்குள் என்ன இருந்தது என்றே தெரியாது. "உள்ளே ஒட்டகம் கட்டுவார்களா?" என்று கேட்டாள். பரிசு வாங்கிய பிறகு கேட்டாள்!

இதில் பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்வதற்கு இல்லை. ஒரு வாத்தியார், நாற்பது பிள்ளைகள். அவர் என்ன செய்வார்? வாங்கிக் கொடுத்தது நான். தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் அப்பாவும் அம்மாவும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை தெர்மாகோல் வெட்டுகிறார்கள், பிள்ளை தூங்குகிறது! இதைப் படிக்கிறவர்களில் பலர் சிரிப்பீர்கள். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

பூட்டிய பள்ளிக்கூடம்

2020 மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் திரும்ப வகுப்புக்குப் போனது 2021 நவம்பரில்தான். ஏறத்தாழ 19 மாதம்!

எங்கள் வீட்டில் ஒரே செல்போன். அதை நான் வேலைக்கு எடுத்துப் போய் விடுவேன். கல்வித் தொலைக்காட்சி ஓடும். மற்ற நேரத்தில் பிள்ளை சும்மா இருந்தாள். என் மனைவி எட்டாம் வகுப்பு வரை படித்தவள். என் தாயார் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவர். கைநாட்டுத்தான்.

இந்த வீட்டில் யார் சரித்திரம் சொல்லிக் கொடுப்பது?

ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் சிந்துவெளி நாகரிகம் வருகிறது. என் மனைவி அதை எழுத்துக் கூட்டி, உரக்கப் படிப்பாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். தாயார் கீரை ஆய்ந்து கொண்டே கேட்பார். முதல் நாள் அரைப் பக்கம் தாண்டவில்லை. ஏன் என்றால், தாயார் ஒவ்வொரு வரிக்கும் கேள்வி கேட்டார்.

"செங்கல்லா? சுட்டதா, சுடாததா?"

"சாக்கடைக்கு மூடி இருந்ததா?"

புத்தகத்தில் பதில் இருந்தது. சுட்ட செங்கல். மூடி போட்ட சாக்கடை. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு!

"எங்கள் தெருவுக்கு இன்னும் மூடி போடவில்லையே" என்றார் தாயார்.

பாடம் அன்றைக்குத்தான் உயிர் பெற்றது என்று சொல்லுவேன்.

ஒன்று, இரண்டு, நான்கு

சிந்துவெளிச் செங்கல்லில் ஒரு கணக்கு இருக்கிறது. கனம் ஒரு பங்கு என்றால், அகலம் இரண்டு பங்கு, நீளம் நான்கு பங்கு. மொகஞ்சதாரோவிலும் அதே கணக்கு, பல நூறு மைல் தள்ளி இருக்கும் அரப்பாவிலும் அதே கணக்கு.

ஏன் அப்படி?

இதைப் படித்தால் புரியாது. செய்தால் புரியும். அட்டையில் ஒரு அச்சு செய்தோம். கனம் ஓர் அங்குலம், அகலம் இரண்டு, நீளம் நான்கு. களிமண்ணைத் திணித்து முப்பது கல் அறுத்தோம். காய்ந்த பிறகு சுவர் கட்டச் சொன்னேன். இரண்டு கல்லைக் குறுக்கே வைத்தால், ஒரு கல்லின் நீளத்துக்குச் சரியாக இருந்தது. மேல் வரிசை கீழ் வரிசையின் இடைவெளியை மூடியது. சுவர் ஆடவில்லை.

எதிர் வீட்டில் ஒரு கொத்தனார் இருக்கிறார். வேலை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து பார்த்தார். "நாங்களும் அப்படித்தானம்மா. ஒன்பதுக்கு நாலரை. நீளத்தில் பாதி அகலம்" என்றார். அன்று முழுவதும் அவர்தான் வாத்தியார்!

அந்தச் செங்கற்களுக்கு நேர்ந்த கதியையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில், 1850-களில், லாகூருக்கும் முல்தானுக்கும் ரெயில் பாதை போட்டார்கள். தண்டவாளத்துக்குக் கீழே கொட்ட ஜல்லி வேண்டும். அரப்பாவில் பழைய செங்கல் குவிந்து கிடந்தது. அள்ளிப் போய்க் கொட்டி விட்டார்கள்! ஒரு பெரிய நகரத்தின் சுவர்கள் ரெயிலுக்கு ஜல்லியாகப் போயின. அது எவ்வளவு பழமை என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1924-ல்தான் ஜான் மார்ஷல் உலகத்துக்கு அறிவித்தார். அதற்கு முன்பே தயாராம் சாஹ்னி அரப்பாவிலும், ஆர். டி. பானர்ஜி மொகஞ்சதாரோவிலும் தோண்டிப் பார்த்திருந்தார்கள்.

மொகஞ்சதாரோவில் ஒரு பெரிய குளியல் குளம் உண்டு. நீளம் சுமார் 39 அடி. அகலம் 23 அடி. ஆழம் 8 அடி. தண்ணீர் கசியாமல் இருக்கத் தார் பூசியிருந்தார்கள். "39 அடி என்றால் எவ்வளவு?" என்றாள் மகள். தெருவில் ஈ, காக்கை இல்லாத நேரம் அது. கோல மாவை எடுத்துக் கொண்டு தெருவில் இறங்கினோம். நூல் பிடித்து அளந்து குளத்தைக் கோடு போட்டோம். எங்கள் தெரு 20 அடிதான். குளம் எதிர் வீட்டுத் திண்ணை மேல் ஏறி விட்டது!

"யார் வீட்டில் விசேஷம்?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு 39 அடியை அவள் மறக்கவே இல்லை.

மாமா கடைத் தராசு

என் மைத்துனர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மின்சாரத் தராசு வந்த பிறகு, பழைய தட்டுத் தராசைப் பரணில் போட்டு விட்டார். அதை இரவல் வாங்கி வந்தோம்.

சிந்துவெளி மக்கள் கல்லில் எடைக்கல் செய்தார்கள். சதுரமாக, தாயக்கட்டையைப் போல அழகாக இருக்கும். மிகச் சிறிய கல் ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு. அடுத்தது அதைப் போல் இரண்டு மடங்கு. அதற்கு அடுத்தது நான்கு மடங்கு. பிறகு எட்டு, பதினாறு. இப்படி இரட்டித்துக் கொண்டே போகும்.

மணலைத் துணியில் கட்டி ஐந்து மூட்டை செய்தோம். ஒரு பங்கு, இரண்டு பங்கு, நான்கு, எட்டு, பதினாறு. "இந்த ஐந்தே மூட்டையை வைத்துக் கொண்டு, ஒன்றிலிருந்து எது வரை நிறுக்கலாம்?" என்று மகளிடம் கேட்டேன்.

அரை நாள் தராசோடு மல்லுக்கட்டினாள். ஐந்து வேண்டுமா? நான்கும் ஒன்றும். பதினொன்று வேண்டுமா? எட்டும் இரண்டும் ஒன்றும். கடைசியில் ஓடி வந்து சொன்னாள்: "முப்பத்தொன்று வரை! நடுவில் ஒன்று கூட விடாமல்!"

மைத்துனர் ஆச்சரியப்பட்டார். இருபது வருஷம் கடை நடத்துகிறவர் அவர்!

கருவாடும் மம்மியும்

எகிப்து நாட்டு அரசர்களின் உடல்கள் 3,000 ஆண்டுக்கு மேல் கெடாமல் இருக்கின்றன. மந்திரம் அல்ல. காய்ந்த ஏரிகளில் கிடைக்கும் ஒரு வகை உப்பு. நேட்ரான் என்று பெயர். அதை உடல் முழுவதும் மூடி வைத்தால் ஈரத்தை எல்லாம் இழுத்து விடும். ஈரம் இல்லாவிட்டால் அழுகல் இல்லை. உப்பில் வைப்பது 40 நாள். துணி சுற்றி முடிக்க மொத்தம் 70 நாள்.

நேட்ரானுக்கு எங்கே போவது? சமையல் உப்பும் ஆப்ப சோடாவும் பாதிக்குப் பாதி கலந்தோம். ஓர் ஆப்பிள் துண்டை அதில் புதைத்தோம். இன்னொரு துண்டை வெளியில் வைத்தோம். இரண்டையும் முன்கூட்டியே நிறுத்து, எடையை எழுதி வைத்தோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், வெளியில் இருந்தது ஈ மொய்த்து அழுகி விட்டது. உப்பில் இருந்தது சுருங்கி, தோல் போல ஆகி, எடை குறைந்து கிடந்தது. நாற்றம் இல்லை.

தாயார் எட்டிப் பார்த்தார். "என்னடி இது! கருவாடு போடுற சோலிதானே?" என்றார்.

அதேதான்! மம்மிக்கும் கருவாட்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். இதை அவர் ஒரு வினாடியில் கண்டு பிடித்தார். என் மகள் அப்பத்தாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவு இருக்கிறது.

(அந்த ஆப்பிளைத் தின்னக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். என் மகன் நக்கிப் பார்த்து விட்டான்!)

வெடித்த ஓடு

ஏயா நாசிர் கதைக்கு வருகிறேன்.

அந்தக் காலத்து ஈராக்கில் நாணல் குச்சியைச் சீவி, ஈரக் களிமண்ணில் அழுத்தி எழுதினார்கள். அழுத்தினால் ஆப்பு வடிவத்தில் ஒரு பள்ளம் விழும். அந்த ஆப்புகளைச் சேர்த்தால் எழுத்து. எண்ணிக்கை அறுபது அறுபதாகப் போகும். நம் கடிகாரத்தில் ஒரு மணிக்கு 60 நிமிஷம் இருப்பது அவர்கள் விட்டுப் போன சொத்துத்தான்.

பள்ளிக்கூடமும் இருந்தது! வாத்தியார் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க, பையன் பார்த்து எழுதிய களிமண் வில்லைகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. பையனின் எழுத்துக் கோணலாக இருக்கிறது. எந்தக் காலத்திலும் பிள்ளைகள் பிள்ளைகளே!

மகள் கண்மாய்க் களிமண்ணில் ஒரு ஓடு தட்டினாள். ஐஸ் குச்சியின் முனையால் எழுதினாள். அவளும் ஒரு புகார்க் கடிதம்தான் எழுதினாள். எழுதாத பேனாவை விற்ற கடைக்காரருக்கு! வெயிலில் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் ஓடு நாலாக வெடித்துக் கிடந்தது. அழுது விட்டாள்.

எனக்குக் காரணம் தெரியவில்லை. நூலகத்தில் எடுத்து வந்த புத்தகத்திலும் இல்லை.

என் தாயார் மானாமதுரைப் பக்கத்து ஊர்க்காரர். மண்பாண்டம் செய்கிற தெருவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். "வெறும் களியை வெயிலில் வைத்தால் வெடிக்கத்தானே செய்யும்? மணல் கலக்கணும். நன்றாக மிதிக்கணும். நிழலில் காய வைக்கணும்" என்றார். அவர் சொன்னபடி செய்தோம். வெடிக்கவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்குத் தெரிந்தது, எழுதப் படிக்கத் தெரிந்த எனக்குத் தெரியவில்லை. என் மகள் அதைக் கண்ணால் பார்த்தாள். தாய்மார்களே! உங்களில் சிலர் "நான் படிக்காதவள், நான் என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறேன்?" என்கிறீர்கள். பழைய நாகரிகம் என்பது ராஜா சண்டை மட்டுமா? மண் பிசைந்தது, மாவு அரைத்தது, நூல் நூற்றது, தானியம் சேமித்தது, பிள்ளை வளர்த்தது. இதில் உங்களுக்குத் தெரியாதது எது?

பட்டணத்தின் பெயர் "ஊர்"

ஏயா நாசிரின் வீடு இருந்த பட்டணத்தின் பெயரை வேண்டுமென்றே இதுவரை சொல்லவில்லை. அதன் பெயர் "ஊர்"!

உடனே உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்கும் அதேதான் தோன்றியது. "பார்த்தாயா! தமிழ்ப் பெயர்!" என்று மகளிடம் சொல்லி விட்டேன். அவள் விடவில்லை. நூலகப் புத்தகத்தைப் புரட்டினாள். அந்த ஊர்க்காரர்கள் சுமேரிய மொழியில் அதை "ஊரிம்" என்றுதான் சொன்னார்கள் என்று கண்டு பிடித்தாள். நாம் சொல்லும் ஊருக்கும் அதற்கும் உறவு என்பதற்குச் சத்தம் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. நான் வாயை மூடிக் கொண்டேன்.

என் அபிப்பிராயத்தில், வீட்டுப் பாடத்தில் இதுதான் மிக முக்கியமானது. பெருமை பேசுவதற்கு முன்பு ஆதாரம் கேட்கப் பழக வேண்டும். இப்போது வாட்ஸப்பில் தினம் ஒரு சரித்திரம் வருகிறது. பிரமிடு கட்டியது தமிழன் என்று ஒரு நாள். சிந்துவெளி எழுத்தைப் படித்து விட்டோம் என்று மறுநாள். உறவினர் ஒருவர் அனுப்புவார். நாம் நாலு பேருக்கு அனுப்புவோம். என் மகள் மூன்றே கேள்விதான் கேட்பாள். எந்த இடத்தில் தோண்டினார்கள்? எந்த வருஷம்? யார் பார்த்து எழுதினார்கள்? இதற்குப் பதில் இல்லாவிட்டால் செய்தி அங்கேயே நிற்கும்.

சிந்துவெளி எழுத்தை இன்று வரை யாரும் எல்லோரும் ஒப்புக் கொள்ளும்படி படிக்கவில்லை. ஐராவதம் மகாதேவன் 1977-ல் அந்த எழுத்துகளை எல்லாம் தொகுத்துப் பட்டியல் வெளியிட்டார். அவருக்கே வாழ்நாள் போதவில்லை. படித்துக் காட்டுகிறவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். அப்படிப்பட்ட விஷயத்தில் "தெரியாது" என்று சொல்வது வெட்கம் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பரீட்சையில் "தெரியாது" என்று எழுதினால் பூஜ்யம் போடுகிறார்கள். ஆராய்ச்சியில் அது நாணயம்!

உண்மையான பெருமைக்கு நமக்குப் பஞ்சமா? எகிப்தில் செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகம். அங்கே ஒரு பெரிய ஜாடியில் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. இந்தியாவில் செய்த ஜாடி! அதே கடற்கரையில் குசேர் அல் காதிம் என்ற இடம். அங்கே கிடைத்த பானை ஓட்டில் தமிழ் எழுத்து. மகாதேவன் அதை உறியில் தொங்கும் பானை என்ற பொருளில் படித்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தமிழ் ஆள் எழுதிய பானை எகிப்தில் கிடைத்திருக்கிறது! உறியை எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிக் காட்டினோம். இப்போதைய பிள்ளைகளுக்கு உறி தெரியாதே!

நேரு எழுதிய கடிதங்கள்

வீட்டில் சரித்திரம் சொல்லிக் கொடுப்பது புதிய காரியம் அல்ல. 1928-ல் இந்திரா மலை மேல் முசூரியில் இருந்தார். வயது பத்து. நேரு அலகாபாத்திலிருந்து மகளுக்கு உலகம் தோன்றியது முதல் கடிதம் எழுதினார். பிறகு 1930 முதல் 1933 வரை, பெரும்பாலும் சிறையில் இருந்தபடி 196 கடிதம் எழுதினார். கையில் நூலகம் இல்லை. குறிப்புகளை வைத்துக் கொண்டு எழுதினார். சிறையில் இருந்த தகப்பனாரால் முடிந்தது, வீட்டில் இருக்கும் நம்மால் முடியாதா?

அவர் நேரு, நாம் யார் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நம் வீட்டில் கொத்தனாரும் அப்பத்தாவும் இருந்தார்கள்!

"மார்க் வருமா?"

பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டார்.

ஒளிக்காமல் சொல்கிறேன். என் மகள் சமூக அறிவியலில் முதல் மார்க் வாங்கவில்லை. எட்டாம் வகுப்பில் 78 வாங்கினாள். மனப்பாடம் செய்த பிள்ளைகள் 95 வாங்கினார்கள். மார்க்குக்காக இதைச் செய்யாதீர்கள்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்தே நிறுத்தி, எல்லாப் பாடத்தையும் வீட்டிலேயே நடத்துகிறவர்கள் நகரங்களில் இருக்கிறார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பரீட்சை எழுத வைக்கிறார்கள். அது வசதி உள்ளவர்கள் காரியம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த 19 மாதத்தில் என் மகள் ஏங்கியது புத்தகத்துக்காக அல்ல, பக்கத்தில் உட்காரும் தோழிக்காக. பள்ளிக்கூடம் இருக்கட்டும். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும்.

கடைகளில் "எகிப்துப் பெட்டி", "தொல்லியல் பெட்டி" என்று விற்கிறார்களே, அதையும் வாங்காதீர்கள். பிளாஸ்டர் கட்டியை உடைத்தால் உள்ளே பிளாஸ்டிக் மம்மி! அது என் தெர்மாகோல் பிரமிடுக்குத் தம்பி.

அப்பத்தாவின் கேள்வி

2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்தார்கள். மே மாத லீவில் குடும்பத்தோடு போனோம். தாயாரும் வந்தார். அப்போது அவருக்கு வயது 71.

உறை கிணற்றைப் பார்த்தார். தாயக்கட்டையைப் பார்த்துச் சிரித்தார். பானை ஓடுகள் வைத்த இடத்துக்கு வந்தோம். மகள் விளக்கிச் சொன்னாள்: "அப்பத்தா, இது ஒருத்தர் பெயர். ஆதன் என்று எழுதியிருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலே."

"பானையிலேயா? ராஜாவா அவரு?"

"ராஜா இல்லை, அப்பத்தா. பானையிலே பேர் எழுதி வைத்த ஆள். அவ்வளவுதான்."

தாயார் கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்:

"பானையிலே பேர் எழுதற அளவுக்கு அன்னைக்கே சனங்க படிச்சிருந்தாங்களா? அப்புறம் எனக்கு ஏண்டி யாரும் சொல்லித் தரலே?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் தாயாரைப் பார்த்தேன். ஒரே மகன் நான். பள்ளிக்கூடம் போனேன், படித்தேன், வேலைக்குப் போனேன். வங்கியில் என் தாயார் மை தொட்டுக் கைநாட்டு வைக்கும் போதெல்லாம் பக்கத்தில் நின்றிருக்கிறேன். எத்தனை வருஷம்! சொல்லித் தர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும் போது யாரும் அதிகம் பேசவில்லை.

மறுநாள் காலையில் மகள் களிமண் பிசைந்தாள். மணல் கலந்தாள். அப்பத்தாவின் பெயர் மூன்றே எழுத்து. நோட்டுப் புத்தகம் என்றால் அவருக்குக் கை நடுங்கும். களிமண் என்றால் பயம் இல்லை. தப்பு வந்தால் கட்டை விரலால் தேய்த்து விடலாம் அல்லவா? ஐஸ் குச்சியைப் பிடித்து அழுத்தி எழுதினார். முதல் எழுத்து நேராக வந்தது. இரண்டாவது சாய்ந்தது. மூன்றாவதற்கு இடம் போதாமல் கீழே போய் விட்டது. நிழலில் காய வைத்தோம்.

களிமண்ணிலிருந்து சிலேட்டு. சிலேட்டிலிருந்து காகிதம். நாலு மாதம் ஆயிற்று. இப்போது வங்கியில் கையெழுத்துத்தான் போடுகிறார். ஒவ்வொரு தடவையும் நேரம் ஆகிறது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர் காதில் போட்டுக் கொள்வது இல்லை.

முதலில் எழுதிய அந்த ஓடு, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. போன மாதம் என் மகன் பந்து விளையாடித் தள்ளி விட்டான். நடு எழுத்தில் உடைந்து விட்டது. அவன் இப்போது ஆறாம் வகுப்பு. சிந்துவெளிப் பாடம் வந்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனும் அப்பத்தாவும் புதிய ஓடு தட்டப் போகிறார்கள். மண் எடுத்து வரும் பொறுப்பு என்னுடையது. போன தடவை மணல் போதவில்லையாம். இந்தத் தடவை இன்னும் ஒரு கை கூடக் கலக்க வேண்டும் என்று தாயார் சொல்லி அனுப்பியிருக்கிறார்.